பெயர் மாறினால் குணம் மாறுமா?
பிஸ்பீனால் வேதிப்பொருள்களும் அவற்றின் மாற்றுகளும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

குழந்தைக்குப் பால் புட்டி வாங்கச் செல்லும் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது ‘பி.பி.ஏ. இல்லாதது’ என்னும் வாசகம். பள்ளிக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர்ப் புட்டியிலும், மதிய உணவு டப்பாவிலும் இப்போது அதே வாசகம் அச்சிடப்படுகிறது. அதைக் கண்டதும் மனத்துக்கு ஒரு நிம்மதி உண்டாகிறது. அந்த வாசகம் பொய்யன்று. ஆயினும் அது பாதிச் செய்திதான். எந்தப் பொருள் நீக்கப்பட்டது என்பதை அது சொல்கிறது. அந்த இடத்தில் எந்தப் பொருள் வந்து அமர்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

சொல்லாமல் விடப்பட்ட அந்தப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை. அச்சமூட்டுவது இதன் நோக்கமன்று. எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை, வீட்டிலும் மருத்துவமனையிலும் எவற்றைச் செய்யலாம் என்பவற்றை வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

பிஸ்பீனால் என்பது யாது?

ஃபீனாலின் இரு மூலக்கூறுகளை அசிட்டோனுடன் இணைத்தால் கிடைப்பது பிஸ்பீனால் ஏ. பெயரின் இறுதியிலுள்ள ‘ஏ’ அசிட்டோனைக் குறிக்கும். ரஷ்ய வேதியியலர் அலெக்சாந்தர் தியானின் 1891-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். அதன் பின்னர் நெடுங்காலம் இதற்குப் பெரிய பயன் ஏதும் இருக்கவில்லை.

1936-இல் லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ், வில்ஃப்ரிட் லாசன் ஆகிய இருவரும், பெண்மைக்குரிய ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் செயற்கைப் பொருள்களைத் தேடினர். அவர்கள் சோதித்தவற்றுள் பிஸ்பீனால் ஏ-யும் ஒன்று. அதற்கு ஈஸ்ட்ரோஜனின் இயல்பு ஓரளவு இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். இரண்டு ஆண்டுகளில் அதைவிடப் பன்மடங்கு வலிமையான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் பொருள் டாட்ஸ் குழுவினருக்குக் கிடைத்துவிட்டதால், பிஸ்பீனால் ஏ மருந்தாகவில்லை. மருந்தாகிய அந்த மற்றொரு பொருளோ, கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பெண்களின் மகள்களுக்கு இளவயதிலேயே அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்ததை 1971-இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். கருவிலிருக்கும்போது உடலில் சேரும் ஹார்மோன் போன்ற பொருளின் விளைவு இருபது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

மருந்து அலமாரிக்குச் செல்லாத பிஸ்பீனால் ஏ, சமையலறை அலமாரிக்கு வந்து சேர்ந்தது. 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடியைப் போலத் தெளிவும், கீழே விழுந்தாலும் உடையாத உறுதியும் அதன் சிறப்புகள். அதன் மூலப்பொருள் பிஸ்பீனால் ஏ. உணவு அடைக்கும் தகர டப்பாக்களின் உட்புறத்தில் துரு ஏறாமல் காக்கும் எப்பாக்ஸிப் பூச்சுக்கும் அதுவே மூலப்பொருள் ஆயிற்று. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் ரசீதுத் தாளிலும் அது இடம்பெற்றது. பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால் வேதிப்பிணைப்பால் கட்டுண்டு இருக்கிறது. ரசீதுத் தாளிலோ அது கட்டற்று, தாளின் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

உடலில் எவ்வாறு சேர்கிறது?

பாலிகார்பனேட்டின் வேதிப்பிணைப்பு என்றும் அழியாததன்று. கொதிநீர், காரமான சோப்புத் தூள், நெடுநாள் தேய்ப்பு ஆகியவை அதனைச் சிறிது சிறிதாக அவிழ்க்கின்றன. 1993-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அருணா கிருஷ்ணன், டேவிட் ஃபெல்ட்மன் உள்ளிட்டோர் தம் ஆய்வில் எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் கலப்பதைக் கண்டு, அதன் ஊற்றைத் தேடினர். நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பாலிகார்பனேட் குடுவைகளிலிருந்தே பிஸ்பீனால் ஏ கசிந்துகொண்டிருந்தது.

2003, 2004 ஆண்டுகளில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆறு வயதுக்கு மேற்பட்ட இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோரின் சிறுநீரைச் சோதித்தது. அவர்களுள் 93 சதவீதத்தினரிடம் பிஸ்பீனால் ஏ காணப்பட்டது. உடலுக்குள் சென்ற பிஸ்பீனால் ஏ-யைக் கல்லீரல் செயலிழக்கச் செய்கிறது. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அவ்வாறிருந்தும் ஏறத்தாழ அனைவரிடமும் அது காணப்படுகிறதென்றால், அன்றாடம் புதிதாக உள்ளே சென்றுகொண்டிருக்கிறது என்பதே பொருள். இதில் கவலையும் உண்டு, ஆறுதலும் உண்டு. வரும் வழியை அடைத்தால் உடலிலுள்ள அளவு விரைவிலேயே குறையும்.

உடலில் இது செய்வது கள்ளச்சாவியின் வேலை. ஹார்மோன் என்பது சாவி. உயிரணுவில் உள்ள ஏற்பி என்பது பூட்டு. பிஸ்பீனாலின் வடிவம் அந்தப் பூட்டில் ஓரளவு பொருந்துகிறது. தவறான வேளையில் பூட்டைத் திறக்கவும், உரிய சாவி நுழையாமல் தடுக்கவும் அதனால் இயலும். வளர்ந்தவர் உடலில் இதன் விளைவு சிறிதாக இருக்கலாம். கருவிலும் பச்சிளம் பருவத்திலும் உறுப்புகள் உருப்பெறுவதே ஹார்மோன்களின் ஆணைப்படிதான். மேலும், நச்சை நீக்கும் கல்லீரலின் ஆற்றலும் அப்பருவத்தில் முதிர்ந்திருப்பதில்லை. ஆதலால்தான் கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் குறித்து மருத்துவர்கள் மிகுந்த கவனம் கொள்கின்றனர்.

மனிதரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் நீரிழிவு, இதய நோய், இனப்பெருக்கக் குறைபாடுகள் ஆகியவற்றோடு பிஸ்பீனால் ஏ-க்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அடைக்கப்பட்ட உணவை மிகுதியாக உண்பவர்க்கு வேறு காரணங்களாலும் இந்நோய்கள் வரக்கூடும். விலங்குகளிடம் கிடைத்த சான்றுகளோ இன்னும் நேரடியானவை.

எலிக்கூண்டுகள் சொன்ன செய்தி

1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா ஹன்ட் என்னும் அறிவியலர் எலிகளின் சினைமுட்டைகளை ஆராய்ந்துவந்தார். எந்தச் சோதனைக்கும் உட்படுத்தப்படாத எலிகளிடம் குரோமோசோம் கோளாறுடைய முட்டைகள் வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதமே இருக்கும். திடீரென அந்த அளவு 40 சதவீதமாக உயர்ந்தது. காரணம் புரியாமல் ஒவ்வொன்றாகத் தேடியபோது, விலங்கறையில் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவுவதற்குத் தரை துடைக்கும் காரமான திரவம் தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. கூண்டுகள் அரிக்கப்பட்டு, பிஸ்பீனால் ஏ கசிந்திருந்தது. பின்னர் அப்பொருளையே அளந்து கொடுத்துச் சோதித்தபோதும் அதே வகைக் கோளாறு தோன்றியது. 2003-இல் இம்முடிவுகள் வெளியாயின.

அதன் பின் பாலிசல்ஃபோன் என்னும் வேறு பிளாஸ்டிக்கால் ஆன கூண்டுகள் பயன்பாட்டுக்கு வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த அதே அறிவியலரின் ஆய்வகத்தில் எலிகளிடம் மீண்டும் கோளாறுகள் தென்பட்டன. பழுதடைந்த கூண்டுகளிலிருந்து இம்முறை கசிந்தது பிஸ்பீனால் எஸ். பிஸ்பீனால் ஏ-க்கு மாற்றாகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டுவந்த பொருள் அது. 2018-இல் வெளியான அவ்வாய்வு, மாற்றுப் பிஸ்பீனால்கள் பலவற்றைச் சோதித்து, அவை சினைமுட்டை, விந்தணு இரண்டின் உருவாக்கத்தையும் பாதிப்பதாகக் காட்டியது. அப்பொருள்களை முற்றிலும் நிறுத்தினாலும், ஆண் எலிகளின் வழித்தோன்றல்களில் அதன் விளைவு மறைய ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் ஆகலாம் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை விபத்து, இரு வேறு பொருள்களால் இருமுறை நிகழ்ந்தது ஓர் உண்மையை உணர்த்துகிறது: பொருளின் பெயரை மாற்றினோம், அதன் குணத்தை மாற்றவில்லை.

மாற்றுப் பொருள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம்

பிஸ்பீனால் என்பது ஒரு குடும்பப் பெயர். பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப், பிஸ்பீனால் ஏஎஃப் என அதன் உறுப்பினர் பலர். இரு ஃபீனால் வளையங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நடுவில் அவற்றை இணைக்கும் பகுதி மட்டுமே மாறுகிறது. தொழிற்சாலைக்குப் பழைய பொருள் செய்த வேலையை அப்படியே செய்யும் பொருள் தேவைப்பட்டது. அவ்வாறு செய்யக்கூடியது ஏறத்தாழ அதே வடிவமுடைய உடன்பிறப்புதான். உடலின் பூட்டுக்குப் பொருந்துவதும் அதே வடிவந்தான். பிஸ்பீனால் எஸ், எஃப் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவற்றின் ஹார்மோன் செயல்பாடு பிஸ்பீனால் ஏ-யின் வரிசையிலேயே இருப்பதாகக் கூறியது.

சட்டங்களும் தொடக்கத்தில் ஒரே பெயரைக் குறிவைத்தே இயற்றப்பட்டன. பால் புட்டிகளில் பிஸ்பீனால் ஏ-யைத் தடை செய்யப்போவதாகக் கனடா 2008-இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் அவ்வாறே செய்தது. இந்தியாவில் பிளாஸ்டிக் பால் புட்டிகளுக்கான 2015-ஆம் ஆண்டின் தர நிர்ணயம் பிஸ்பீனால் ஏ இல்லாதவற்றையே ஏற்கிறது. ரசீதுத் தாளில் எடையளவில் 0.02 சதவீதத்துக்கு மேல் அது இருத்தலாகாது என்னும் விதி ஐரோப்பாவில் 2020 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால், ஒன்றைத் தடுத்தபோது பெரும்பாலும் மற்றொரு பிஸ்பீனால் அந்த இடத்தை நிரப்பியது.

2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிஸ்பீனால் ஏ-யை நாள்தோறும் எந்த அளவுக்கு உட்கொள்ளலாம் என்னும் வரம்பை முன்பிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. நோய் எதிர்ப்பு அமைப்பின் மீதான விளைவே அதற்கு முதன்மைக் காரணம். எல்லா அமைப்புகளும் இதனை ஏற்கவில்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதனினும் ஆயிரம் மடங்கு உயர்ந்த வரம்பே போதும் என்றது. அளவைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. எனினும் 2024 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு முக்கியமான அடியை எடுத்துவைத்தது. உணவோடு தொடர்புடைய பொருள்களில் பிஸ்பீனால் ஏ-யுடன், தீங்குடையவை என வகைப்படுத்தப்பட்ட அதன் உறவுப் பொருள்களையும் சேர்த்தே தடைக்குள் கொண்டுவந்தது. தனிப்பெயரை விட்டுக் குடும்பத்தையே கணக்கில் கொள்ளும் அணுகுமுறை இது.

ஆற்றுக்குச் செல்லும் வழி

வீட்டைவிட்டு வெளியேறும் பிஸ்பீனால் அத்துடன் முடிந்துபோவதில்லை. கழிவுநீர் வழியாகவும், குப்பைமேடுகளிலிருந்து வடியும் நீர் வழியாகவும் அது ஆறுகளை அடைகிறது. காற்றோட்டமுள்ள நீரில் பிஸ்பீனால் ஏ-யை நுண்ணுயிர்கள் சில நாள்களிலேயே சிதைத்துவிடுகின்றன. காற்றில்லாத சேற்றில் அது நெடுநாள் தங்கும். இடையறாது வந்து கலப்பதால் நீரில் அது எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. பெண் மீன்களே சுரக்க வேண்டிய முட்டைக் கருப் புரதத்தை ஆண் மீன்களும் சுரப்பது, இத்தகைய பொருள்கள் நீரில் கலந்திருப்பதைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று.

மாற்றாக வந்த பிஸ்பீனால் எஸ் இயற்கையில் சிதைவதற்குப் பிஸ்பீனால் ஏ-யைவிட அதிக காலம் எடுத்துக்கொள்கிறது. 2015-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு ஜப்பான், சீனா, கொரியா, இந்தியா ஆகிய நாடுகளின் நீர்நிலைகளைச் சோதித்தது. சென்னையின் ஆற்று நீரும் அதில் இடம்பெற்றது. அதில் பிஸ்பீனால் எஸ்ஸும் காணப்பட்டது. ரசீதுத் தாளைப் பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுத்தால், அதிலுள்ள பிஸ்பீனால் புதிய காகிதத்திலும் கலக்கிறது.

மருத்துவமனையில் இருப்போருக்கு

மருத்துவக் கருவிகள் சிலவற்றிலும் பாலிகார்பனேட், பாலிசல்ஃபோன் போன்றவை பயன்படுகின்றன. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பாஸ்டன் நகரின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 42 குறைமாதக் குழந்தைகளைச் சோதித்தது. அவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ பொதுமக்களிடம் காணப்படுவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரிடமும், வெளியேற்றும் வழி அடைபட்டிருப்பதால், அளவு கூடுதலாக இருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு எவரும் சிகிச்சையை மறுத்துவிடலாகாது. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2015-இல் இக்கேள்வியை ஆராய்ந்து, கருவியின் பயனையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றும், இயலுமிடத்தில் பிஸ்பீனால் கசியாத கருவிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் கூறியது. மூச்சுக்குழாயும் டயாலிசிஸும் இன்று உயிர் காப்பவை. பிஸ்பீனாலின் விளைவு நாளை நேரக்கூடிய ஐயப்பாடு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஐயமிருப்பின் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

2011-இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேருக்கு மூன்று நாள்கள் மட்டும், டப்பாவிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்கப்படாத புதிய உணவு கொடுக்கப்பட்டது. அவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. அன்றன்று சமைத்து உண்ணும் நம் வீட்டு வழக்கமே இதற்கு முதல் மருந்து.

1. பச்சிளங்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். கறந்த பாலையோ மருத்துவர் பரிந்துரைத்த மாற்றுப்பாலையோ கொடுக்க நேர்ந்தால், எவர்சில்வர் பாலாடை அல்லது சங்கு சிறந்தது. புட்டி தவிர்க்க முடியாததாயின் கண்ணாடிப் புட்டியைத் தேர்ந்தெடுங்கள். மூத்த குழந்தைக்கு வாங்கிய பழைய, கீறல் விழுந்த பிளாஸ்டிக் புட்டியை இளைய குழந்தைக்குக் கொடுக்க வேண்டா.

2. சூடான உணவையும் புளிப்பான உணவையும் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றுக்கு எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஏற்றவை. மைக்ரோவேவ் அடுப்பில் பிளாஸ்டிக் பாத்திரத்தை வைக்க வேண்டா.

3. அடைக்கப்பட்ட உணவையும் பானங்களையும் குறையுங்கள். தகர டப்பாக்களிலும், குளிர்பானம் வரும் அலுமினிய டப்பாக்களிலும் உட்பூச்சு உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 75 பேர் ஐந்து நாள் தொடர்ந்து டப்பா சூப் அருந்தியபோது, அவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ புதிய சூப் அருந்திய நாள்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

4. ரசீதுத் தாளைக் கவனமாகக் கையாளுங்கள். நகத்தால் கீறினால் கருங்கோடு விழும் தாள் வெப்பத்தாள். அதைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். உணவோடு சேர்த்துப் பையில் போடாதீர்கள். கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு இத்தாளைத் தொட்டால் பிஸ்பீனால் தோல் வழியே மிகுதியாக ஊடுருவும் என்று 2014-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. கை உலர்ந்த பின் தொடுங்கள். உண்ணும் முன் சோப்பிட்டுக் கழுவுங்கள். நாள் முழுதும் ரசீது அச்சிடும் பணியில் உள்ள கருவுற்ற பெண்களுக்கு இது மிகவும் தேவையான எச்சரிக்கை.

5. வெப்பத்தாளில் எடுத்த இ.சி.ஜி. பதிவின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதை நகலெடுத்து வைத்துக்கொண்டால், மூலத்தை அடிக்கடி கையாள வேண்டியிராது, பதிவும் நிலைக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

எல்லாப் பிளாஸ்டிக்கிலும் பிஸ்பீனால் உண்டா?
இல்லை. அடியில் 1, 2, 4, 5 ஆகிய எண்கள் உள்ள பிளாஸ்டிக்குகள் பிஸ்பீனாலால் ஆனவை அல்ல. 7 என்னும் எண், ‘பிறவகை’ அனைத்துக்கும் பொதுவானது. கண்ணாடி போலத் தெளிவாகவும் கடினமாகவும் இருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்கலாம்.

உணவகத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தரும் சாம்பாரில் பிஸ்பீனால் கலக்குமா?
அந்தக் கவர் பிஸ்பீனாலால் செய்யப்படுவதன்று. எனினும் கொதிக்கும் உணவை மெல்லிய பிளாஸ்டிக்கில் ஊற்றும்போது வேறு சேர்மானப் பொருள்கள் கலக்கக்கூடும். தூக்குச்சட்டி எடுத்துச் செல்வதே நன்று.

இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் பயன்படுத்தலாமா?
அவற்றுள் சில பாலிகார்பனேட்டால் ஆனவை. தூய குடிநீரே முதல் தேவையாதலால் கேனைக் கைவிட வேண்டியதில்லை. வெயில் படாத இடத்தில் வையுங்கள். கீறல் மிகுந்த பழைய கேனை மாற்றித் தரக் கேளுங்கள். வந்தவுடன் எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ ஊற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

என் உடலில் பிஸ்பீனால் எவ்வளவு உள்ளது என்று சோதித்துக்கொள்ளலாமா?
தேவையில்லை. அதன் அளவு சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். ஒரு முறை சோதித்து வரும் எண்ணைக் கொண்டு எந்தச் சிகிச்சையையும் முடிவு செய்ய இயலாது.

இத்தனை ஆண்டுகள் பயன்படுத்திவிட்டோமே, இனி மாற்றிப் பயன் உண்டா?
உண்டு. இது உடலில் நெடுநாள் தேங்கும் பொருளன்று. இன்று மாற்றினால் ஓரிரு நாள்களிலேயே அளவு குறையத் தொடங்கும். வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழந்தையின் பால், சூடான உணவு, ரசீதுத் தாள் ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த முறை கடையில் ‘பி.பி.ஏ. இல்லாதது’ என்னும் வாசகத்தைக் காணும்போது, ‘அதற்குப் பதிலாக இதில் என்ன உள்ளது?’ என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், கேள்வியே தேவைப்படாத எவர்சில்வர் பாத்திரம் பக்கத்து அலமாரியில் இருக்கும்.